திசுவிலிருந்து சைட்டோகைன் எடுப்பது எப்படி? மைக்ரோடயாலிசிஸ் படிப்படியாக

அழற்சியின்போது செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திப் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். தோலிலோ தசையிலோ குறிப்பிட்ட ஓரிடத்தில் நடப்பதை ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது. அதற்குத்தான் மைக்ரோடயாலிசிஸ்: நுண்துளைச் சவ்வுள்ள மெல்லிய குழாயை (புரோப்) திசுவில் செருகி, உள்ளே மெதுவாகக் கரைசல் ஓட்டி, சவ்வு வழியே வந்து சேர்வதைச் சேகரிக்கும் முறை. நெறிக்குழு அனுமதி வாங்கியாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. புரோப்: குளுக்கோஸ் அளக்கப் பயன்படும் 20 கிலோடால்டன் சவ்வு (ஏறத்தாழ அந்த எடை வரையுள்ள மூலக்கூறுகளையே விடுவது; கிலோடால்டன் மூலக்கூறு எடையின் அலகு) இங்கே உதவாது. சைட்டோகைன்களில் ஐஎல்-8 (இன்டர்லியூக்கின்-8) சுமார் 8 கிலோடால்டன்தான், நுழைந்துவிடும். ஐஎல்-6 20-ஐத் தாண்டும். டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைன் மூன்று மூன்றாகச் சேர்ந்தே இருப்பதால் 50-ஐத் தொடும். குறைந்தது 100 கிலோடால்டன் சவ்வு வேண்டும். அதிலும் டிஎன்எஃப் கஞ்சத்தனமாகத்தான் வரும்.

2. கரைசல்: வெறும் ரிங்கர் கரைசலை (உடல்திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) ஓட்டினால், பெரிய துளைகள் வழியே அது திசுவுக்குள் கசிந்துவிடும். நீரைப் பிடித்துவைக்கும் பெரிய சர்க்கரை மூலக்கூறான டெக்ஸ்ட்ரான்-70-ஐ 3% சேர்த்தால் கசிவு அடங்கும். சைட்டோகைன் குழாய்ச் சுவரில் ஒட்டாமலிருக்க 0.1–0.5% அல்புமின் சேர்க்கலாம். எல்லாம் எண்டோடாக்சின் (பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நச்சு) இல்லாததாக இருக்கட்டும். இருந்தால் நீங்களே அழற்சியை மூட்டிவிடுவீர்கள்.

3. மீட்பு வீதம் (வெளியே உள்ளதில் எத்தனை சதவீதம் புரோப் வழியே வருகிறது என்பது): மில்லிலிட்டருக்கு 1000 பிகோகிராம் சைட்டோகைன் உள்ள கரைசலில், 37 டிகிரியில், புரோப்பை வைத்து நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓட்டுங்கள். வெளிவருவதில் 150 இருந்தால் மீட்பு 15%. வேகத்தைக் குறைத்தால் மீட்பு கூடும், மாதிரியின் அளவு குறையும். இந்த வீதம் திசுவுக்குள் அப்படியே பொருந்தாது. அதை வைத்துப் பெருக்கி 'உண்மை அளவு' என்று எழுதிவிடாதீர்கள்.

4. செருகல்: பலரும் சறுக்குவது இங்கேதான். புரோப்பைச் செருகுவதே ஒரு காயம். இரண்டு மணி நேரம் விட்டால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் அமைதியாகிவிடும். ஆனால் ஐஎல்-6, ஐஎல்-8 அதற்குப் பிறகும் பல மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். அழற்சி இல்லாத பகுதியில் அதே நேரத்தில் இன்னொரு புரோப்பும் செருகுங்கள். அது இல்லாத வரைபடத்தில், ஊசி கிளப்பியது எது, நோய் கிளப்பியது எது என்று பிரிக்க வழியில்லை.

5. சேகரிப்பு: வையலைக் காலியாக எடை போட்டு, 60 நிமிடம் சேகரித்து, மறுபடி எடை போடுங்கள். ஏறத்தாழ 60 மில்லிகிராம் கூடியிருக்க வேண்டும். 45-தான் என்றால் கசிவு அல்லது காற்றுக்குமிழி. 70 என்றால் டெக்ஸ்ட்ரான் அதிகமாகி, திசுநீரை உள்ளே இழுக்கிறது. வெளிக்குழாய் 10 சென்டிமீட்டருக்கு 1.2 மைக்ரோலிட்டர் கொள்ளும் வகை என்றால், 50 சென்டிமீட்டர் குழாயில் 6 நிமிடத் தாமதம். நேரத்தைக் குறிக்கும்போது அதைக் கழியுங்கள்.

வையலைப் பனிக்கட்டியில் வைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவிடுங்கள். புரதத்தை அளக்கும் வழக்கமான எலிசா பரிசோதனை ஒரு குழிக்கே 100 மைக்ரோலிட்டர் கேட்கும். கையில் இருப்பது 60. அதனால் 25–50 மைக்ரோலிட்டரில் பல சைட்டோகைன்களை நுண்மணிகள் கொண்டு ஒன்றாக அளக்கும் மல்டிபிளெக்ஸ் முறையே இதற்குத் தோது. தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் அதன் அளவுகோல் வரைகோட்டையும் டெக்ஸ்ட்ரான், அல்புமின் சேர்த்த அதே கரைசலில்தான் போட வேண்டும்.