சுருதியை யாருக்காகப் பிடிக்கிறீர்கள்?

அண்மையில் ஒரு புதிய பாட்டுக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளைகளும் எண்பதை நெருங்கியவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவர் உற்சாகமான இளைஞர். பத்தாண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழைகளை எல்லாம் அரை மணி நேரத்தில் வரிசை மாறாமல் செய்து முடித்தார். நேரத்துக்குத் தொடங்க வேண்டும், நாற்காலி போதுமா என்று பார்க்க வேண்டும் என்பவை போகப்போகத் தெரிந்துவிடும். அப்படித் தெரியவராத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சுருதியைத் தன் தொண்டைக்குப் பிடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, பெரும்பாலும் என்மீதே.

அந்த நாட்களில் சுருதிப்பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்தால் (கட்டை கூடக்கூடச் சுருதி உயரும்) பிறகு அதைத் தொடவே மாட்டேன். என் குரலுக்கு அது வசதி. பிள்ளைகளும் கணீரென்று பாடினார்கள். எனக்கு இடப்பக்கம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்காருவார். சரணம் மேலே ஏறியதும் அவருடைய உதடுகள் மட்டும் அசையும். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, “வாய்விட்டுப் பாடுங்கள் அம்மா” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அடுத்த வாரம் தாளம் மட்டும் போட்டார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “எனக்குக் குரல் போய்விட்டது, சிறுசுகள் பாடட்டும்” என்றார். பிறகு அவர் வரவே இல்லை.

போனது குரலா? வயதாக ஆகப் பெண்களின் குரல் தணியும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு. ஆண்களுக்குக் குரல்நாண்கள் மெலிந்து குரல் சற்று ஏறும். இருவருக்குமே மூச்சு முன்போல் நீளாது. நான்கு கட்டைக்கு இறக்கியிருந்தால் அவர் தாராளமாகப் பாடியிருப்பார். அவருடைய வாயை அடைத்தது என் பெட்டி.

இப்போது எடுத்தவுடன் யாரையும் பாடச் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்கிறேன். யாருக்கு எந்த இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது என்று பார்த்துச் சுருதியை இறக்குகிறேன். ஒரேயடியாக இறக்கினாலும் வம்பு. கீழ் ஸ்வரங்கள் எட்டாமல் பிள்ளைகள் தவளைபோலக் கரகரப்பார்கள். அதனால் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் பாட்டாகத் தேடுகிறேன். மேலே ஏறும் வரி பிள்ளைகளுக்கு. அப்போது பெரியவர்கள் ஸட்ஜத்திலோ (ஸ) பஞ்சமத்திலோ (ப) நின்று பிடிப்பார்கள். பிள்ளைகள் சுருதி விலகினால் இழுத்து நிறுத்துவதும் அந்தக் குரல்கள்தாம்.

‘அந்தக் காலத்துப் பாட்டு’

எந்தக் காலம்? பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுதான் மனத்தில் ஆழமாகத் தங்குகிறது. இன்று எழுபது வயதானவருக்கு 1970-ஐ ஒட்டித்தான் பதினைந்து வயது. அவருக்குப் போய் அவருடைய அப்பா கேட்ட பாட்டைப் போடுகிறார்கள்.

நீண்ட அறிமுகப் படலம்

2015-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், பாட்டு வகுப்புக்கு வந்தவர்கள் கைவினை, எழுத்து வகுப்புகளுக்கு வந்தவர்களைவிட வேகமாக நெருங்கினார்கள். முதலில் பாடுங்கள். பெயர், ஊர் எல்லாம் பிறகு.

காதுக் கருவியை மறப்பது

அது பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்ட கருவி. புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தைக் கருவியின் கிறீச்சொலி என்று எண்ணி அடக்கப் பார்க்கும். பல கருவிகளில் இசைக்கெனத் தனி அமைப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள். தாளக் கருவிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பெரியவர்களைப் பார்வையாளர்களாக்குவது

அதற்குப் பெயர் ஆண்டுவிழா.

மருந்து என்று சொல்வது

கலைகளும் உடல்நலமும் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிக்கை வெளியிட்டது. பயன்கள் நிறையவே அதில் உண்டு. அதைக் காட்டி மறதிநோய் குணமாகும் என்று ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். “பாடினால் அப்பாவுக்குச் சரியாகிவிடுமா?” என்று என்னிடமும் கேட்கிறார்கள். புதன்கிழமை ஐந்து மணிக்கு அழைத்து வாருங்கள், தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.