கைடோடு ஒரே நாளில் மூன்று சோழர் கோயில்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியும். தஞ்சாவூரில் கிளம்பித் தஞ்சாவூருக்கே திரும்பினால் மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர்தான். யார் துணையும் இல்லாமல் போய்ச் சாமி கும்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வரலாம், அதில் தவறே இல்லை. ஆனால் இந்தச் சுவர்களில் யார் கட்டினார், யார் என்ன கொடுத்தார், ஒரு விளக்கு எரிய எத்தனை ஆடு விட்டார்கள் என்று வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அதை நின்று காட்டிப் படித்துச் சொல்ல ஒரு ஆள் கூட வந்தால் அந்த நாளே வேறு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் முதல்முறை போகிறவர்கள் கண்டிப்பாக ஒரு கைடோடு போங்கள் என்று சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வேண்டாம். மூன்று கோயிலிலும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் கருங்கல் தரை காலைச் சுட்டுவிடும்.

பஞ்சாங்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐப்பசி சதயத்தன்று தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜனுக்கு விழா, ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம், ஆடித் திருவாதிரையில் அங்கேயே, அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் மகன் ராஜேந்திரனுக்கு விழா. விழாவைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களில்தான் போக வேண்டும். கல்வெட்டையும் சிற்பத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள், கூட்டத்தில் கைடு பேசுவது உங்கள் காதில் விழாது. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

2. கைடைப் பிடிப்பது

இதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பெரிய கோயில் வாசலிலேயே கைடுகள் நிற்பார்கள். ஆனால் தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் நீங்கள் போகும் நேரத்துக்கு ஆள் கிடைப்பார் என்று நம்பிப் போக வேண்டாம். தஞ்சாவூரிலேயே ஒருவரை முழு நாளுக்குப் பேசி, வண்டியில் கூடவே அழைத்துப் போவதுதான் சரி. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், அட்டை இருப்பவர் தயங்காமல் எடுத்துக் காட்டுவார். தஞ்சாவூரில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்தாலும், தங்கும் விடுதியில் சொல்லி வைத்தாலும் ஆள் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே பேசிவிடுவது நல்லது.

போனில் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். மூன்று கோயிலுக்கும் வருவாரா? கல்வெட்டைக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வாரா? முழு நாளுக்கு எவ்வளவு, அதில் மதியச் சாப்பாடு சேர்த்தியா? பணத்தை வண்டியில் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும், "பாத்துக் குடுங்க சார்" என்று விட்டால் சாயங்காலம் இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான். வயதில் பெரியவராக இருந்தால் "ஐயா" என்றோ "அண்ணே" என்றோ கூப்பிட்டு ஆரம்பியுங்கள், "நாங்க முதல் தடவை வர்றோம், அவசரமில்லாம சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலரும் மனம் திறந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

3. வண்டியும் பையும்

வாடகைக் காருக்குக் கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, ஓட்டுநர் பேட்டா தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்திலும் போகலாம், தஞ்சாவூர் - கும்பகோணம் அடிக்கடி உண்டு, கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் போகும் பேருந்தில் கங்கைகொண்ட சோழபுரம் இறங்கலாம். ஆனால் கைடை வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கார்தான் வசதி.

பையில் தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன டார்ச். டார்ச் எதற்கு என்றால், தேய்ந்த கல்வெட்டில் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. ட்ரைபாட் வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். மூன்று கோயிலுக்கும் நுழைவுச் சீட்டு கிடையாது.

4. காலை 6:30, பெரிய கோயில்

முதலில் மராட்டியர் வாசல், அடுத்து கேரளாந்தகன் வாசல், அதற்கடுத்து ராஜராஜன் வாசல். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நந்தியை நோக்கி நடந்துவிடுவார்கள். ராஜராஜன் வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள், காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும், அதை விழுங்கும் பாம்பே இவர் காலடியில் கிடந்தால் இவர் எவ்வளவு பெரியவர் என்று சிற்பி நம்மையே கணக்குப் போட வைக்கிறான். அதே வாசலின் அடிப்பகுதியில் சின்னச் சின்னதாக மார்க்கண்டேயன் கதை, சிவன் பார்வதி திருமணம், சிவனடியார் சண்டேசர் கதை எல்லாம் இருக்கும். சண்டேசரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வரைக்கும் இவர் கூடவே வருவார்.

நந்தியிடம் வந்ததும் அது வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்ற கதை வரலாம். கேட்டுக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் இப்போது இருக்கும் நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் நாயக்கர் காலம், அம்மன் சன்னதி பாண்டியர் காலம். இந்த வளாகத்தில் எது ராஜராஜன் கட்டியது, எது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்று கைடிடம் ஒரு முறை சுற்றிக் காட்டச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்புறம் அந்த நிழல் விஷயம். விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறார்கள். காலை ஏழு மணிக்கு விமானத்தின் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள், நீங்கள் நிற்பதே நிழலில்தான். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அப்படித்தான், பல துண்டுகளைப் பொருத்திச் செய்தது அது. இந்தக் கட்டுக்கதைகள் இல்லாமலேயே இந்தக் கோயில் மலைக்க வைப்பதுதான். 200 அடிக்கு மேல் உயரம், 13 நிலை, முழுக்கக் கருங்கல், 1010-இல் முடிந்த வேலை. கட்டிய தச்சனின் பெயர்கூட இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்.

இனி முக்கியமான வேலை. விமானத்தின் வடக்குப் பக்கம் போய், அடித்தளத்தில் ஓடும் எழுத்து வரிசைக்கு முன்னால் நில்லுங்கள். "நாம் கொடுத்தனவும் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன வரி எங்கே என்று கேளுங்கள். அக்கன் என்றால் குந்தவை. தன் கொடையோடு அக்கா கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் ஒரே வரியில் வைத்த அரசனின் குரல் அது. எனக்கு இந்தக் கோயிலில் விமானத்தைவிட இந்த வரிதான் பெரிது.

படிக்கவே முடியாது என்று பயப்பட வேண்டாம். இது தமிழ் எழுத்துதான், ஆயிரம் வருடம் பழையது, அவ்வளவுதான். பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், அதனால் "க்" என்பதும் "க" போலவே இருக்கும். ட, ப, ம, க நாலு எழுத்தை மட்டும் தேடுங்கள், கண்ணில் பட ஆரம்பிக்கும். அப்புறம் கைடு விரல் வைத்துக் காட்டக் காட்ட ஒவ்வொரு சொல்லாகப் பிடிபடும். குழந்தைகளோடு போனால் இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம், பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

இன்னும் இரண்டு செய்தி கேளுங்கள். ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் பற்றிய கல்வெட்டு. கோயிலில் ஆட வந்த 400 பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்னொன்று விளக்குக் கணக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதை வைத்துப் பராமரிப்பவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குகளையும் விற்பனைகளையும் சண்டேசர் பெயரில்தான் எழுதுவார்கள், சிவன் கோயில் சொத்துக்கு அவர்தான் கண்காணிப்பாளர். பக்கத்திலேயே வடக்கில் அவருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது, பார்த்துவிட்டு நகருங்கள்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே பொதுமக்களை விடுவதில்லை. வளாகத்தில் உள்ள விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன, கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்பதரைக்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும். காலைச் சாப்பாட்டை வழியில் முடித்துக்கொள்ளலாம்.

5. பதினொரு மணிக்குள் தாராசுரம்

கும்பகோணத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். நடை 12, 12:30-க்குள் சாத்திவிடுவார்கள், நினைவில் இருக்கட்டும். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. விமானம் 80 அடிதான், தஞ்சையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு முதலில் சின்னதாகத் தெரியும். இங்கே நிமிர்ந்து பார்க்கக் கூடாது, குனிந்து பார்க்க வேண்டும்.

வாசலில் தட்டினால் ஓசை தரும் படிகள் இருக்கின்றன, கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், தட்டிக் காட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அடுத்து சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவ மண்டபம், ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். ஒரு தலையைப் பகிர்ந்துகொள்ளும் யானையும் காளையும் எங்கே என்று கைடு காட்டுவார், ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை.

ஆனால் நேரத்தை அங்கேயே செலவழித்துவிடாதீர்கள். கருவறையின் வெளிச்சுவர் அடியில் ஒரு சாண் உயரத்தில் நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன, பெயர்ப் பொறிப்போடு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன். ஏட்டில் பாடியதை அடுத்த தலைமுறை கல்லில் செதுக்கிவிட்டது என்று இதைப் பார்க்கலாம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பதுதான் வசதி. மழைக்காலத்தில் தாழ்வான வளாகத்தில் தண்ணீர் நிற்கும், வேட்டியோ பேன்ட்டோ கொஞ்சம் மடித்துவிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

6. மதியம்

நடை சாத்தியிருக்கும் நேரம் இது. கும்பகோணத்தில் இலைச் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு டிகிரி காபி. கைடையும் ஓட்டுநரையும் உங்களோடு உட்கார வைத்துச் சாப்பிடுங்கள், நாள் முழுக்க அவர்களும்தான் அலைகிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் சுவாமிமலைக்குப் போய் வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் பட்டறை ஒன்றைப் பார்க்கலாம், மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வெண்கலம் ஊற்றும் முறையை இன்றும் அப்படியே செய்கிறார்கள்.

இரண்டு மணிக்குக் கிளம்பி அணைக்கரை வழியாகப் போங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு ஐந்து நிமிடம் பாருங்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. இதற்குக் கல் எங்கிருந்து வந்தது என்று கைடிடம் கேளுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்து எடுத்துக் கொண்டுவந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அடுத்த இடத்தில் ஏன் வாசல் கோபுரம் மொட்டையாக நிற்கிறது என்று புரியும்.

7. கங்கைகொண்ட சோழபுரம்

நாலு மணிக்குத்தான் நடை திறக்கும். அதற்கு முன் பக்கத்தில் இருக்கும் மாளிகைமேட்டுக்குப் போய்விடுங்கள். அகழாய்வில் வெளிவந்த அரண்மனையின் செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது. கடல் கடந்து படை அனுப்பிய ராஜேந்திரனின் தலைநகரத்தில் மிஞ்சியது செங்கல் வரிசைதான், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள்.

கோயிலுக்குள் வந்ததும் தஞ்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். அங்கே விமானத்தின் கோடுகள் நேராக ஏறும், இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். உயரமும் தஞ்சையைவிடக் குறைவு. கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் சாயங்கால வெயில் பின்புறத்தில் விழும், படம் எடுக்க மேற்குப் பக்கம் போங்கள்.

கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்த மண்டபத்தின் வடக்குப் படிக்கட்டுக்குப் போனால் காலையிலிருந்து கூட வந்த சண்டேசர் மறுபடியும் இருக்கிறார். சிவன் தன் கையாலேயே அவர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார், சண்டேசர் கைகூப்பிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பார்வதி. கங்கை வரை வென்ற ராஜேந்திரன் தனக்குக் கிடைத்த வெற்றியை இப்படிச் சொல்லிக்கொண்டான் என்று கருதுபவர்கள் உண்டு. அது இருக்கட்டும், கைடைப் பேச விடாமல் முதலில் இரண்டு நிமிடம் நீங்களாகவே பாருங்கள். மூன்று கோயிலிலும் ஒரே ஒரு சிற்பம்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி பற்றியும் கேளுங்கள். கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இன்று பொன்னேரி என்கிறார்கள்.

ஆறு, ஆறரைக்குக் கிளம்பினால் தஞ்சாவூர் வர எட்டரை ஆகும். பேசிய பணத்தைக் கைடிடம் வண்டியில் வைத்தே கொடுத்துவிடுங்கள், நன்றாகச் சொன்னார் என்றால் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். அவர் வீட்டு வாசலிலோ, அவர் சொல்லும் இடத்திலோ இறக்கிவிட்டுத்தான் விடுதிக்குப் போக வேண்டும், ஓட்டுநரிடம் இதைக் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.