வெளிநாட்டு ஸ்வீட் கார்ன் ரகங்களைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், லாக்கியர் பள்ளத்தாக்கில், அமெரிக்க ஸ்வீட் கார்ன் ரகம் ஒன்றை விதைத்துப் பார்க்க நினைப்பவர் விதைப்பையில் அச்சிட்ட நாள்கணக்கை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவின் வடக்கிலுள்ள விஸ்கான்சினில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும், இரவு குளிரும். லாக்கியரில் மிக நீண்ட பகல்கூட 14 மணி நேரத்தை எட்டாது, கோடையில் இரவும் வெக்கையாகவே இருக்கும். குளிர்நாட்டு ரகம் இங்கே அவசரப்பட்டுப் பூத்துவிடும். செடி குட்டையாக நிற்கும், கதிரும் சிறுத்துவிடும். கதிர் நுனியில் பட்டு இழை வெளிவந்த நாளிலிருந்து கணக்கு வையுங்கள். ஏறக்குறைய 18 முதல் 21 நாளில் அறுவடை வரும், கடும் வெயிலில் இன்னும் முந்தும். மணியை நகத்தால் கீறிப் பால் வருகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

என்னைக் கவலைப்பட வைப்பது ருசிச் சோதனை. பத்து ரகங்களைப் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் விதைத்து, கதிரைக் கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மிகுந்த இனிப்பைத் தரும் ஷ்ரங்கன்-2 மரபணு கொண்ட ரகமும், சுகரி-1 மரபணு கொண்ட பழைய இனிப்பு ரகமும் ஒன்றாகப் பூத்தால், கலந்த மகரந்தம் இரண்டின் மணிகளையும் மாவாக்கிவிடும். ஹவாயில் ஜேம்ஸ் புரூபேக்கர் உருவாக்கிய ‘ஹவாயன் சூப்பர்ஸ்வீட் 9’ ரகத்தில் இருப்பது பிரிட்டில்-1 மரபணு. அதுவும் மிகுந்த இனிப்பு ரகம்தான். ஆனாலும் ஷ்ரங்கன்-2 ரகத்தோடு கலந்தால் இரண்டும் இனிப்பை இழக்கின்றன. நல்ல ரகம் ஒன்று இப்படி அநியாயமாகக் கழிக்கப்படுகிறது. ஒரே மரபணு உள்ளவற்றை ஒரு தொகுதியாக விதையுங்கள். அடுத்த தொகுதி பூப்பதற்கு இரண்டு வார இடைவெளியாவது விடுங்கள். பக்கத்து வயலின் தீவன மக்காச்சோளமும் இந்தக் கணக்கில் சேரும்.

விதைப்பையில் வரும் “துரு நோயைத் தாங்கும்” என்ற வாசகம் இன்னொரு பொறி. எந்தத் துரு? அமெரிக்க ரகங்கள் பலவற்றில் உள்ள ஆர்பி1-டி மரபணு, குளுமையை விரும்பும் பக்சினியா சோர்கி என்ற துருப் பூஞ்சையைத் தடுப்பதற்கானது. 1999இல் அமெரிக்காவிலேயே அந்த மரபணுவை முறியடிக்கும் பூஞ்சை வகை பரவியது. வெப்பத்தில் பெருகும் இன்னொரு துருப் பூஞ்சையான பக்சினியா பாலிசோராவை அந்த மரபணு தடுப்பதில்லை. இலைக் கருகலும், அசுவினி பரப்பும் ஜான்சன் புல் மொசைக் வைரஸும் துருவிலிருந்து வேறானவை. வசந்தகால விதைப்பில் பசுமையாக நின்ற ரகம் ஈரமான பின்கோடையில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உள்ளூரில் நிலைத்த ரகம் ஒன்று ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நிற்கட்டும்.

ஷ்ரங்கன்-2 விதை சுருங்கியது, மாவுச்சத்து குறைந்தது. ஆழமாகவோ குளிர்ந்த ஈர மண்ணிலோ போட்டால் அழுகும். முளைப்பு குறைந்தால் ரகத்தைப் பழிக்கும் முன் விதைத்த ஆழத்தைப் பாருங்கள்.

எடை போடும்போது உறையை நீக்கிவிடுங்கள். ஆனால் அதற்கு முன், அந்த உறை கதிரின் நுனியை இறுக மூடியிருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். நுனி திறந்த கதிருக்குள் காய்ப்புழு எளிதில் புகுந்துவிடும்.