வளர்ந்த நாய் வீட்டுக்கு வந்தால்: வீட்டைக் கட்டு கட்டாகத் திறந்து விடுங்கள்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் குட்டிகள் மட்டுமல்ல, வளர்ந்த நாய்களும் அடிக்கடி வீடு மாறுகின்றன. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இங்கே தனியாக இருந்த பெரியவர்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பங்காளி வீட்டில் கொடுத்துவிடலாம், நாயை யாரிடம் கொடுப்பது? எங்கள் மணி அப்படி வந்தவன்தான். கானாடுகாத்தானிலேயே சில தெரு தள்ளி ஒரு வீட்டில் வளர்ந்தவன். ஐந்தாறு வயது இருக்கும், பாதி ராஜபாளையம், பாதி நாட்டு நாய்.

வளர்ந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது, ஒரு நேரம் இருந்தது, கூப்பிட ஒரு குரல் இருந்தது. எல்லாம் ஒரே நாளில் போய்விட்ட நிலையில்தான் அது உங்கள் படியேறுகிறது. அதனிடம் உடனே பாசத்தை எதிர்பார்க்காதீர்கள். முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டை அதற்குச் சின்னதாக்கிக் கொடுப்பது.

நம் வீடுகளைத்தான் பாருங்களேன். முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு (வீட்டின் அடுத்த பகுதி), அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவில் ஒரு சொம்பு உருண்டாலும் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். பயந்த நாய்க்கு இங்கே முதுகைச் சாய்த்துப் படுக்க இடமே தெரியாது. அதனால் வந்த அன்றே வீடு முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டாம். இரண்டாம் கட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறை அல்லது மூலை போதும். கட்டிலுக்கு அடியிலோ பெஞ்சுக்கு அடியிலோ நுழைந்து படுக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்ச் சட்டி. பழைய வீட்டில் அது படுத்த சாக்கு கிடைத்தால் துவைக்காமல் வாங்கி வாருங்கள், அந்த வாசனை அதற்குத் தேவை.

தரையைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பதித்திருக்கும் வழவழப்பான ஆத்தங்குடிக் கல் நம் காலுக்குக் குளுமை, ஆனால் நாயின் நகத்துக்குப் பிடி கொடுக்காது. பதற்றத்தில் ஓடி இரண்டு தடவை சறுக்கிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே வர மறுக்கும். வயதான நாய்க்கு இடுப்பிலும் அடிபடும். அது நடக்கிற வழியில் கோணிச் சாக்கையோ பழைய ஜமுக்காளத்தையோ விரித்து வையுங்கள். வீட்டின் அழகு கொஞ்ச நாள் மறையட்டும்.

நாய் வளர்ப்பவர்கள் பொதுவாக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில் இதுதான் என் வீடு என்ற எண்ணம் வரும். இது தோராயம்தான், சில நாய்களுக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். நாய் தானாக எழுந்து வாலைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு அறை வாசல் வரை வந்து நிற்கத் தொடங்கினால், அடுத்த கட்டைக் காட்டலாம். வாரைப் பிடித்துக்கொண்டு வளவுக்கு அழைத்து வாருங்கள். மோந்து பார்க்க விட்டு, மறுபடி அதன் மூலைக்கே கூட்டிப் போங்கள். முகப்பும் திண்ணையும் கடைசியில்தான்.

பக்கத்தில் போகிற விதத்தை நான் என் அப்பத்தாவிடம் பார்த்துக் கற்றேன். அவர்கள் மணியைக் கூப்பிடவே இல்லை. அவன் படுத்திருந்த அறையின் வாசலில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டு தன்பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவனை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள். முதலில் அவன் காது மட்டும் திரும்பியது. பிறகு தலை. அப்புறம் ஒருநாள் அவர்கள் சேலை ஓரத்தில் வந்து மூக்கை வைத்தான். நீங்களும் இதையே செய்யுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள், குனிந்து தலைமேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். அது வந்து மோந்த பிறகு கழுத்துக்குக் கீழேயோ நெஞ்சிலோ மெதுவாகத் தடவுங்கள்.

தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, வாலை ஒடுக்குவது எல்லாம் "தள்ளி இரு" என்று சொல்வதுதான். உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம், நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படிப்பட்ட நாயைத் தூக்கத்தில் தொட்டால் பதறிவிடும், தரையை லேசாகத் தட்டி எழுப்புங்கள். தப்பித்தவறிப் பல் பட்டுவிட்டால் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

சாப்பாட்டில் முதல் விதி, பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுப்பது. மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வைத்து, தின்னாவிட்டால் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். அதற்கு மேலும் சாப்பிடாவிட்டாலோ, தண்ணீரே குடிக்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் அடுப்படியில் நாய்க்கு ஆகாதவை நிறைய. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். மசாலாவைக் கழுவிவிட்டுக் கறியைப் போடலாம் என்பார்கள். வெங்காயச் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது. பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. வேகவைத்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும், நெஞ்செலும்பு ரசம் வைத்த வீட்டில் இதை முக்கியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் சோறும், ஒரு முட்டை, பிடித்தால் கொஞ்சம் தயிர். தொடக்கத்துக்கு அது போதும்.

விடிந்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகுமுன்னும் ஒரே இடத்துக்கு வாரோடு கூட்டிப் போங்கள். அங்கே சிறுநீரோ மலமோ கழித்துவிட்டால் உடனே பாராட்டுங்கள். ஆண் நாய் புது வீட்டுத் தேக்குத் தூணில் காலைத் தூக்கத்தான் செய்யும். கோபப்பட்டுப் பயனில்லை, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஆசிட் வேண்டாம், கல்லின் வண்ணத்தை அரித்துவிடும். பினாயில் நாயின் பாதத்துக்கும் மூக்குக்கும் ஆகாது.

வாசல் விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். பால்காரர் ஒரு பக்கம், வேலைக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம், வீட்டைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் முகப்பில் என்று நாள் முழுக்கக் கதவு திறந்து மூடும். நாய் ஓட்டம் எடுத்தால் இரண்டு தெருவில் எதில் வேண்டுமானாலும் வெளியேறிவிடும். நாய் இருக்கிற கட்டுக்கும் தெருவுக்கும் நடுவே எப்போதும் மூடிய கதவு ஒன்றாவது இருக்கட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் முதல் நாளே இருக்க வேண்டும். உள்ளூரிலேயே வீடு மாறிய நாய் தப்பினால் முதலில் பழைய வீட்டு வாசலில் போய்த் தேடுங்கள். தொடக்கத்தில் அந்தத் தெரு வழியாக நடக்கவே கூட்டிப் போகாதீர்கள், அதற்கு வேதனைதான் மிஞ்சும். நம் வெயிலில் நடையைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், மாலையில் புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்து, சூடு பொறுக்க முடிந்தால் மட்டும் கிளம்புங்கள்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பழைய தடுப்பூசி அட்டை கையில் இல்லையென்றால் வெறிநோய் ஊசியை மறுபடி போட்டுவிடுவதே நல்லது. குடற்புழு மருந்தும் கருத்தடையும் அங்கேயே பேசி முடிவு செய்யலாம். காது மடிப்பு, விரல் இடுக்கில் உண்ணி இருக்கும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். நாயின் எடையைப் பார்த்து மருத்துவர் தருவதுதான் சரி. உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும் நோய்.

தனியாக இருக்கவும் பழக்க வேண்டும். ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள், அப்புறம் கால் மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக் கூத்தாட வேண்டாம்.

கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வீடு நிறையும் நாட்கள் வரும். அன்றைக்கு நாயை வளவில் கட்டிப்போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டாதீர்கள். காலையிலேயே நன்றாக நடக்க வைத்து, அதன் பழைய அறையில் தண்ணீரோடு விட்டு, கதவில் "திறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கும் திருவிழா வேட்டுக்கும் இதேதான்: ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் பாட விட்டு, அது பழகிய ஒருவர் கூட இருங்கள். பயந்து உங்கள் மேல் ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். அதனால் பயம் கூடிவிடாது.