வெளிச்சம் மாறுகிறதா, பின்னணி மாறுகிறதா? பி மோடா எம் மோடா என்று முடிவு செய்வது இப்படித்தான்

வெளிச்ச அளவைக் கேமராவே ஆட்டோவாக முடிவு செய்கிற பி மோடில் எடுப்பவர் கற்றுக்குட்டி, எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற எம் (மேனுவல்) மோடில் எடுப்பவர்தான் போட்டோகிராபர் என்று ஒரு பேச்சு நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு எம் மோடோடு போய், தேர் நிலைக்கு வருவதற்குள் பாதிப் படம் வெளுத்தும் மீதி இருண்டும் போய் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கேமராவில் குறையில்லை, எடுத்தவருக்கும் திறமை இருக்கிறது. அந்த இடத்துக்கு அந்த மோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் நான் தொழில் பழகிய ஸ்டுடியோ அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “வெளிச்சம் மாறுதா, இல்ல பின்னால இருக்கது மாறுதா, மொதல்ல அதப் பாருல.” வெளிச்சம் அப்படியே இருந்து பின்னணி மட்டும் மாறினால் எம். வெளிச்சமே நிமிஷத்துக்கு நிமிஷம் மாறினால் ஆட்டோ. இன்று வரைக்கும் கேமராவைக் கையில் எடுத்ததும் நான் இதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டோ என்றால் எல்லாவற்றையும் கேமராவிடம் கொடுத்துவிடுவது என்று நினைக்காதீர்கள். பி மோடில் கேமரா ஒரு ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வருகிறது), ஒரு அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கிறது, எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது) என்று ஜோடியாகத் தரும். டயலைத் திருப்பினால் அதே வெளிச்ச அளவுக்கு வேறு ஜோடி வரும். 1/125 நொடி, எஃப் 8 என்று காட்டினால், திருப்பித் திருப்பி 1/500, எஃப் 4 வரைக்கும் கொண்டுபோகலாம், படத்தின் வெளிச்சம் மாறாது. நிக்கானில் இப்படித் திருப்பியதும் பி பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரும். கேனான் 2018-ல் இஓஎஸ் ஆர் கேமராவோடு கொண்டுவந்த எஃப்வி மோடு இன்னும் வசதி: ஷட்டர், அப்பர்ச்சர், வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ, இந்த மூன்றில் எது வேண்டுமோ அதை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

சரி, பறவைகள் வந்து கூடு கட்டுகிற கூந்தன்குளத்துக்குப் போவோம். எம் மோடு எதற்கு என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் இல்லை. பறவைகளுக்காக வெடி போடாமல் இருக்கிற ஊர், வீட்டு மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், அதனால் பக்கத்திலேயே பார்க்கலாம். காலை எட்டு மணி, மேகம் இல்லை. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரத்திலிருந்து ஒரு மஞ்சள்மூக்கு நாரை கிளம்புகிறது. முதல் நொடியில் அதற்குப் பின்னால் கரும்பச்சை மரம், அடுத்த நொடி பளபளக்கிற தண்ணீர், அதற்கடுத்து வெள்ளை வானம். ஆட்டோவில் இருந்தால், வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர் மரத்தைப் பார்த்து, ‘இருட்டாக இருக்கிறதே’ என்று படத்தின் வெளிச்சத்தை ஏற்றிவிடும், நாரையின் முதுகு வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும். வானத்துக்கு வந்ததும் அதே மீட்டர் இறக்கிவிடும், பறவை கருத்துப்போகும். ஆனால் நாரை மேல் விழுகிற வெயில் இந்த மூன்று நொடியில் துளிகூட மாறவில்லையே!

அதனால் இங்கே எம். 600 எம்எம் லென்ஸில் 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 என்று வைத்து, உட்கார்ந்திருக்கிற ஒரு நாரையை முதலில் எடுத்துப் பாருங்கள். மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வைத்திருந்தால் வெளுத்துப்போன இடம் திரையில் மின்னும். முதுகு இறகு மின்னினால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் இறக்குங்கள். மின்னுவது நின்று, வால் பக்கத்து ரோஸ் நிற இறகின் கோடுகூடத் தனித்தனியாகத் தெரிகிறதா, அதுதான் அளவு. அதற்கப்புறம் மீட்டர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். வெயில் ஏறுகிறது என்பதால் அரைமணிக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்தால் போதும். கூழைக்கடா வந்தாலும், ஏற்கெனவே வைத்த அளவு அதற்கும் சரியாகவே இருக்கும், விழுவது அதே வெயில்தானே.

தேரோட்டம் இதற்கு நேர் எதிர். ஆனி மாதம், சாரல் காற்று, மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், சுள்ளென்று அடித்த வெயில் வடத்தை இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் மறைந்துவிடும். போதாததற்கு ரத வீதியில் ஒரு பக்கம் கட்டட நிழல். இரண்டு மூன்று ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்) வரைக்கும் ஏறி இறங்குகிற வெளிச்சத்தைக் கையால் துரத்திக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. எஃப்வியில் ஷட்டரை மட்டும் 1/500-ல் பிடித்துக்கொண்டு வடம் இழுப்பவர்களின் கையைப் படம் எடுங்கள். தேரும் கூட்டமும் சேர்ந்து தெளிவாக வேண்டுமென்றால் ஷட்டரை ஆட்டோவுக்கு விட்டுவிட்டு அப்பர்ச்சரை எஃப் 11-ல் பிடியுங்கள். எஃப்வி இல்லையா, பி மோடில் டயலைத் திருப்பியே கிட்டத்தட்ட இதைச் செய்யலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கீழிருந்து தேரின் உச்சியைப் பார்த்து எடுக்கும்போது வானம் உள்ளே வந்து மீட்டரை ஏமாற்றும், அப்போது மீட்டர் சொல்லும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இருக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1-க்கு ஏற்றுங்கள், கேமராவைக் கீழே இறக்கியதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எம், ஆட்டோ இரண்டும் வேண்டும். வில்லுப்பாட்டு மேடையில் டியூப்லைட் ஒரே சீராக எரிகிறது, பின்னால் முழு இருட்டு. ஆட்டோ அந்த இருட்டைப் பார்த்து முகங்களை வெளுக்கடிக்கும். எம் மோடில் எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று ஆரம்பித்து, பாடுகிறவரின் நெற்றியைப் பார்த்துத் திருத்துங்கள். 1/100-க்குக் காரணம் உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சிலதில் பட்டை விழும். வீசுகோல் வில்லில் இறங்கும்போது நுனி லேசாகக் கலங்கும், எனக்கு அது பிடிக்கும், அடி விழுகிற வேகம் படத்தில் தெரியும்.

நடுராத்திரி சாமக்கொடையில் சாமியாடுகிற கோமரத்தாடி தீப்பந்தத்தோடு கிளம்பி ஓடும்போது அந்த அளவு உதவாது. பந்தம் முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது, விலகுகிறது, ஆள் விளக்குக்கு அடியிலிருந்து இருட்டுக்குள் போகிறார். இங்கே எஃப்வியில் 1/250-ஐயும் எஃப் 2.8-ஐயும் பிடித்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள், உச்ச வரம்பு 12800, காம்பன்சேஷன் மைனஸ் 1, இரவு இரவாகவே தெரிய வேண்டும் என்பதற்காக. எம் மோடில் ஐஎஸ்ஓ ஆட்டோ போட்டாலும் இதேதான் நடக்கும். டயல் எம்-மில் நிற்கிறது என்பதற்காக அதை மேனுவல் என்று நினைத்துவிடக் கூடாது, அளவைத் தீர்மானிப்பது அப்போதும் மீட்டர்தான். கூந்தன்குளத்தில் பலர் எம் மோடில் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டுத் தடுமாறுவது இதனால்தான்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் எம், ஐஎஸ்ஓ 3200 என்று வைத்து எடுத்துக்கொண்டிருந்தவன், மாப்பிள்ளை காரைவிட்டு இறங்குகிறார் என்று கூப்பிட்டதும் அப்படியே வாசலுக்கு ஓடினேன். பன்னிரண்டு படம், அத்தனையும் வெள்ளை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்த அந்த நேரம் திரும்ப வரவா போகிறது? அன்றிலிருந்து பையில் வைக்கும்போதும் சரி, மேடையைவிட்டு இறங்கும்போதும் சரி, டயலை பி-க்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவுக்கும் காம்பன்சேஷனைப் பூஜ்யத்துக்கும் திருப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.