ஏற்காட்டில் ஹாட் டப்: ஹீட்டர் லோடும் எர்த்தும்

வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டியான ஹாட் டப்பைச் சூடாக்கும் 3 கிலோவாட் ஹீட்டர் காயில் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். கூடவே 1 ஹெச்.பி. பம்பு ஓடினால் இன்னும் 5, 6 ஆம்பியர் சேரும். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகினால் சாக்கெட் கருகிவிடும். டி.பி.யிலிருந்து, அதாவது வீட்டின் மின் விநியோகப் பெட்டியிலிருந்து, தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 25 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச்). தூரம் 40 மீட்டரைத் தாண்டினால் 6 சதுர மி.மீ. போடுங்கள். வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும்.

தண்ணீர் சூடாகவில்லை என்றதும் காயிலை மாற்ற ஓடாதீர்கள். 1000 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர முழு வோல்டேஜிலேயே 8 மணி நேரம் ஆகும். லைனில் 190 வோல்ட்தான் இருந்தால் அதே காயில் 2 கிலோவாட் அளவுக்கே சூடு தரும். பதினொன்றரை மணி நேரம் பிடிக்கும்.

மலையில் பெரிய சிக்கல் எர்த்தில்தான். 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப் இறங்க வேண்டிய குழியைப் பாறை தட்டியதும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த எர்த்தின் மின்தடை 20 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். காயிலிலிருந்து கரண்ட் லீக் ஆனால் 230ஐ 20ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 25 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது, டப்பின் உலோகப் பாகமெல்லாம் கரண்ட்டோடு நிற்கும், உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பார். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (சிறு கரண்ட் கசிந்தாலும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பாறை வந்தால் மண் ஆழமுள்ள தாழ்வான இடத்துக்குக் குழியை மாற்றுங்கள். ஒரு குழி போதாவிட்டால் 5 மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டு இரண்டையும் இணையுங்கள். கரியும் உப்பும் போட்டால் உப்பு பைப்பை அரிக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்ணான பெண்டோனைட் நல்லது. மண் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அளந்து 5 ஓமுக்குள் வருகிறதா பாருங்கள். மழைக்காலத்து அளவை நம்பாதீர்கள். டப் அருகிலுள்ள கைப்பிடி, பம்பு பாடி, உலோகக் குழாய் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்டுங்கள்.

பல மாதம் சும்மா கிடந்த டப்பைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுத்திருக்கலாம். மெயினை அணைத்து, காயிலின் இரு வயரையும் கழற்றி, டெர்மினலுக்கும் காயிலின் உலோக உறைக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வையுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயிலை வெளியே எடுத்து நன்றாக உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ஈரம்தான். டெர்மினல் முனை சீலைப் புதிதாகப் போட்டு மாட்டலாம். ஏறவில்லை என்றால், அல்லது உறையில் ஊசித்துளை அளவு ஓட்டை தெரிந்தால், புதுக் காயில்தான். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து ஓட்டச் சொல்பவரை அந்த வேலையைத் தொடவே விடாதீர்கள்.