புதிய மடிக்கணினியில் நமக்கு முன்பே குடியேறியிருக்கும் மென்பொருள்களை வெளியேற்றுவது எப்படி?

கொழும்பில் புதிதாக மடிக்கணினி வாங்குபவருக்கு வேண்டாத மென்பொருள்கள் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றன. தயாரிப்பு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புபவை ஒரு வகை. பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ கடையில் வைத்தே பெட்டியைப் பிரித்து, “விண்டோஸ், ஒபிஸ், வைரஸ் கார்ட் எல்லாம் ஃப்ரீயாப் போட்டுத் தாறம்” என்று சொல்லி ஏற்றித் தரப்படுபவை இன்னொரு வகை. முதல் வகை பெரும்பாலும் தொந்தரவு தருவதோடு நின்றுவிடும். இரண்டாவது வகை உங்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல் வரைக்கும் போகக்கூடியது. ஆகவே இந்த விளக்கத்தில் கடை ஏற்றியதை முதலிலும் நிறுவனம் ஏற்றியதைப் பின்னரும் எடுத்துக்கொள்கிறேன். கணினியில் இருப்பது விண்டோஸ் 11 என்று வைத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸைத் திறப்பது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது போன்றவற்றை இங்கே விளக்கப் போவதில்லை.

நீக்கத் தொடங்கும் முன்

மூன்று வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். கணினியோடு ஒபிஸ் உரிமம் முறையாகச் சேர்ந்து வந்திருந்தால், வேர்டைத் திறந்து உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அதை இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பிறகு எதை அழித்தாலும் அந்த உரிமம் கணக்கிலேயே இருக்கும். அடுத்ததாக, அண்மைக்கால விண்டோஸ் 11 பதிப்புகளில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடன் வட்டு முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்படுவதால், அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் கணக்கின் இணையப் பக்கத்தில் தேடி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, தேடற் பெட்டியில் ‘ரீஸ்டோர் பொயின்ட்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, வரும் சாளரத்தில் சி வட்டுக்கான பாதுகாப்பை இயக்கி, ஏதும் பிழைத்தால் கணினியை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் மீள்நிலைப் புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். பல புதிய கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைந்தே இருக்கும்.

கடை ஏற்றியவை

செட்டிங்ஸில் சிஸ்டம், அக்டிவேஷன் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ கொண்டு இயக்கப்பட்டுள்ளது என்றிருந்தால் பொதுவாக நல்லது. உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவையைக் கொண்டு இயக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று இருந்தால், வீட்டுப் பாவனைக்கு வாங்கிய கணினியில் அதற்கு வேலையே இல்லை. பெரிய அலுவலகங்கள் தம் சொந்தச் சேர்வரைக் கொண்டு நூற்றுக்கணக்கான கணினிகளை இயக்குவதற்கென மைக்ரோசொப்ட் தந்த முறையை, கள்ளச் செயலி ஒன்று உங்கள் கணினிக்குள்ளேயே போலியாக நடத்துகிறது என்பதே அதன் பொருள். இந்த முறையில் கிடைக்கும் உரிமம் 180 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதற்காக அந்தச் செயலி பின்னணியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். விண்டோஸ் இல்லாமல், டொஸ் எனும் பழைய இயங்குதளம் மட்டும் உள்ளதாக விலை குறைத்து விற்கப்படும் மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் பற்றுச்சீட்டில் டொஸ் என்று எழுதியிருந்தால், திரையில் என்ன தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து நீங்கள் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டிய ஓரிடம் உண்டு. விண்டோஸ் செக்கியூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, ‘மனேஜ் செட்டிங்ஸ்’ என்பதை அழுத்தி, பக்கத்தின் அடிப்பகுதி வரை இறங்கினால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற சிறிய தலைப்பு தென்படும். பரிசோதிக்க வேண்டாம் என்று விண்டோஸின் சொந்த வைரஸ் கார்டான டிபென்டருக்குச் சொல்லப்பட்ட கோப்புறைகளின் பட்டியல் அது. வாங்கிய அன்றைக்கே அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே சி வட்டின் ஏதேனும் ஒரு கோப்புறை, சில வேளைகளில் சி வட்டு முழுவதுமே இடம்பெற்றிருந்தால், கள்ள உரிமச் செயலியை டிபென்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ அதை அங்கே சேர்த்திருக்கிறார்கள். அதே விலக்கின் வழியாக வேறு எதுவும் உள்ளே வந்து அமர்ந்துகொள்ளலாம். அந்த வரியை நீக்கி, ‘ஃபுல் ஸ்கேன்’ ஒன்றை ஓட விடுங்கள்.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் கடையின் பெயரிலோ வெறுமனே ‘அட்மின்’ என்றோ ஒரு கணக்கு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு அதை அகற்றுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல மென்பொருள்கள்தாம். ஆனால் நீங்கள் கேட்காமல் அவை உங்கள் கணினியில் இருக்கத் தேவையில்லை. கணினியின் உறுப்புகளை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளையும் தயங்காமல் நீக்குங்கள், ஏனெனில் விண்டோஸ் அப்டேட்டே அந்த வேலையைச் செய்கிறது.

கள்ள உரிமம் உறுதியானால் துண்டு துண்டாக நீக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கீழே சொல்லும் முழுமையான மறுநிறுவலுக்கே போய்விடுங்கள்.

சோதனைக்கால வைரஸ் கார்ட்

நேரத்தை அதிகம் விழுங்கும் படி இதுதான். நிறுவனம் ஏற்றி அனுப்பும் வைரஸ் கார்ட் ஒரு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ இலவசமாக ஓடி, பிறகு பணம் கேட்கத் தொடங்கும். அது கணினியில் பதிந்திருக்கும் வரை விண்டோஸின் சொந்த டிபென்டர் ஒதுங்கி நிற்கும். நீக்க முனைந்தால் வரும் சாளரத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள்: “வைத்துக்கொள்கிறேன்” என்ற பொருளுடைய பொத்தான் பெரிதாகவும் நிறத்தோடும் இருக்கும், “நீக்கு” என்பது சாம்பல் நிறத்தில், வெறும் எழுத்தாக, ஒரு மூலையில் இருக்கும். அடுத்த சாளரத்தில் இரண்டின் இடமும் மாறியிருக்கும். நான் நீக்கிய ஒன்று, இவற்றையெல்லாம் தாண்டி ரீஸ்டார்ட் ஆன பிறகும், விண்டோஸ் செக்கியூரிட்டியில் தன் பெயரை விடாமல் காட்டிக்கொண்டே இருந்தது. பட்டியலில் மென்பொருள் இல்லை. ஆனால் பாதுகாப்பு அதன் பொறுப்பில் இருப்பதாகவே விண்டோஸ் நினைத்துக்கொண்டிருந்தது. அதாவது காவல்காரர் போன பிறகும் வாசலில் அவர் நாற்காலி மட்டும் இருந்தது. டிபென்டர் வந்து உட்காரவில்லை.

காரணம் எளிது. இத்தகைய மென்பொருள்கள் தம்மை வைரஸ்கள் அழித்துவிடாதிருக்க டிரைவர் மட்டத்தில் வேரூன்றுகின்றன. வழக்கமான அன்இன்ஸ்டோல் மேலே தெரியும் பகுதியை எடுத்துவிட்டு, அடியிலுள்ள சிலவற்றை விட்டுவிடும். அதனால்தான் மெக்காஃபி, நோர்ட்டன் போன்ற நிறுவனங்கள் தனி நீக்கக் கருவிகளைத் தாமே இலவசமாகத் தருகின்றன. முறை இவ்வாறு:

முதலில் செட்டிங்ஸில் அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ் பகுதிக்குச் சென்று வழக்கம்போல் அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். ஒரே நிறுவனத்தின் பெயரில் இரண்டு மூன்று வரிகள் இருக்கலாம். ஒன்று வைரஸ் கார்ட், மற்றொன்று உலாவிக்கான துணைச்செயலி. எல்லாவற்றையும் எடுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் நீக்கக் கருவியை இறக்கி, நிர்வாகியாக இயக்குங்கள். மெக்காஃபியின் கருவி திரையில் காட்டும் கோணல் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிடச் சொல்லும்; பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். மீண்டும் ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்கியூரிட்டியில் டிபென்டரின் பெயர் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பின்பே இந்தப் படி முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

நீக்கிய பிறகும் எச்சம் நிற்பது எவ்வளவு கெடுதலாகலாம் என்பதற்கு சுப்பர்ஃபிஷ் விவகாரம் ஒரு சான்று. லெனோவோ தன் சில மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவியிருந்த அந்த விளம்பர மென்பொருள், பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் புகுவதற்காகத் தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸில் பதித்திருந்தது. 2015 பெப்ரவரியில் இது பெரும் பிரச்சினையாக வெடித்தபோது, மென்பொருளை அன்இன்ஸ்டோல் செய்தவர்களின் கணினிகளிலும் அந்தச் சான்றிதழ் அப்படியே இருந்தது. அதையும் சேர்த்து அகற்ற லெனோவோ தனிக் கருவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று.

இடைக்குறிப்பு: நீக்கக் கருவியை இயக்கவே முடியவில்லை, மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவலாம் என்ற செய்தி வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கணினி ‘எஸ் மோட்’ என்ற கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அக்டிவேஷன் பக்கத்திலிருந்தே அதைவிட்டு இலவசமாக வெளியேறலாம். ஆனால் மீண்டும் அந்த நிலைக்குத் திரும்ப முடியாது.

மற்றவை

இனி வேலை வேகமாக நகரும். இன்ஸ்டோல்ட் அப்ஸ் பட்டியலை நிறுவிய திகதியின்படி வரிசைப்படுத்தினால், தொழிற்சாலையில் ஏறியவை ஒரு கூட்டமாகவும் கடையில் ஏறியவை இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். விளையாட்டுகள், கடை விளம்பரச் செயலிகள், சோதனைக்கால விபிஎன்கள், கடவுச்சொல் காப்பான்கள் எல்லாம் போகலாம். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில படங்கள் இன்னும் நிறுவப்படாதவை. தொட்டவுடன் இறங்கத் தொடங்கும். அவற்றைச் சொடுக்காமல், வலப்புறப் பொத்தானால் அழுத்தி நீக்குங்கள்.

தொடக்கூடாதவற்றைச் சொல்லியாக வேண்டும். ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்று தொடங்கும் பல வரிகளும் ‘வெப்வியூ 2’ என்பதும் பிற மென்பொருள்கள் நிற்கும் அடித்தளங்கள். ரியல்டெக், இன்டெல், டொல்பி என்ற பெயர்களுடையவை பெரும்பாலும் ஒலி, காட்சி போன்றவற்றுக்கு உரியவை. எச்பி கணினிகளில் ‘சிஸ்டம் ஈவென்ட் யுட்டிலிட்டி’ என்பது போன்ற சிறு செயலிகளை நீக்கினால் விசைப்பலகையின் சிறப்பு விசைகள் சில வேலை செய்யாமற் போகலாம். மைஏசுஸ், லெனோவோ வான்டேஜ் ஆகியவற்றைப் பலர் முதல் வேலையாக நீக்குகிறார்கள். நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாள் முழுவதும் சார்ஜரிலேயே இருக்கும் மடிக்கணினியின் பற்றரியை முழுமையாக ஏற்றாமல் 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தி வைக்கும் வசதி பல மாதிரிகளில் அவற்றின் வழியாகவே கிடைக்கிறது. அவை அனுப்பும் விளம்பர அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் பாமினி எழுத்துருவும் அதற்கான தட்டச்சுச் செயலியும் ஏற்றித் தந்திருந்தால், பழையது என்று எண்ணி எழுத்துருவை அழித்துவிடாதீர்கள். பாடசாலைச் சுற்றறிக்கைகள், கோயில் அறிவித்தல்கள் என்று இன்றைக்கும் பாமினியில் வரும் கோப்புகள் அது இல்லாவிட்டால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும். தட்டச்சுச் செயலி தேவையில்லை என்றால் அதை எடுத்துவிடலாம். யுனிகோடில் எழுதுவதற்கு விண்டோஸே தமிழ் விசைப்பலகைகளைத் தருகிறது.

எட்ஜ் உலாவியை இங்கே செட்டிங்ஸ் வழியாக நீக்க முடியாது. 2024 முதல் ஐரோப்பிய பொருளாதார வலயத்திலுள்ளவர்களுக்கு மட்டும், அங்குள்ள சட்டத்தின் காரணமாக, அந்த வசதி தரப்பட்டுள்ளது. வேறு உலாவியை இயல்பு உலாவியாக வைத்துவிட்டு எட்ஜை அப்படியே விட்டுவிடுங்கள். வலிந்து பிடுங்கும் கருவிகள் அடுத்த அப்டேட்டைக் குழப்பக்கூடும்.

மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான வன்ட்ரைவை நீக்குவதில் ஒரு பொறி உண்டு. முதன்முறை கணினியை அமைக்கும்போதே டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ் கோப்புறைகளை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கலாம். இலவச இடமோ 5 ஜிபி மட்டுமே. முதலில் அதன் அமைப்பில் கோப்புறைக் காப்பை நிறுத்தி, வன்ட்ரைவ் கோப்புறைக்குள் தங்கிய கோப்புகளைக் கணினியின் சொந்தக் கோப்புறைகளுக்கு நகர்த்துங்கள். முகில் படம் மட்டும் தெரியும் கோப்புகள் இன்னும் கணினிக்கு இறங்காதவை என்பதால் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கணக்கைத் துண்டித்து, அதன் பின்பே அன்இன்ஸ்டோல் செய்யுங்கள்.

கருவிகளைப் பற்றி என் கருத்து: விண்டோஸின் சொந்த அன்இன்ஸ்டோல் பெரும்பாலானவற்றுக்குப் போதும். அடம்பிடிக்கும் ஓரிரண்டுக்கு ரெவோ அன்இன்ஸ்டோலரின் இலவசப் பதிப்பை நாடலாம். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துப்புரவாக்கும் ஸ்கிரிப்டுகளைத் தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுள் நல்லவையும் உண்டு, ஆனால் எதை நீக்கியது என்று தெரியாதவருக்கு எதைத் திருப்பி வைப்பது என்றும் தெரியாது.

முழுமையான மறுநிறுவல்

வட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே இரண்டு வகைக்கும் ஒருசேரத் தீர்வு. உங்கள் கோப்புகளை வெளி வட்டொன்றில் பிரதி எடுத்துவிட்டு, மைக்ரோசொப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயாரியுங்கள். பல ஜிபி இறங்கும் என்பதால், மாதாந்த டேட்டா அளவு முடியும் தறுவாயில் இதைத் தொடங்காதீர்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட கணினியாயின் உரிமம் அதன் தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருளான ஃபேர்ம்வெயாரிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் தானே இயங்கிவிடும். டொஸ் கணினியாயின் உரிமம் ஒன்றை வாங்க வேண்டும்.

தொடங்கும் முன் உங்கள் மாதிரிக்குரிய இரண்டு டிரைவர்களை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவ் தயாரான பிறகு அதே பென்டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தயாராகும்போது முன்பிருந்தவை அழிந்துவிடும். ஒன்று வைஃபைக்கானது, ஏனெனில் நிறுவலின் நடுவே இணையம் கேட்கப்படும். மற்றொன்று இன்டெல் சேமிப்பக டிரைவர். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் புரொசசர் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில், எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் வட்டே தென்படாது. வட்டு பழுதாகவில்லை, ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தி அந்த டிரைவரைக் காட்டினால் தோன்றிவிடும்.

பிற்சேர்க்கை: எல்லாம் நீக்கிய கணினியில் மகளுக்கென்று புதிய கணக்கு தொடங்கியபோது விளையாட்டுகள் மீண்டும் முளைத்தன என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்டோர் வகைச் செயலிகளைச் செட்டிங்ஸில் நீக்கும்போது அவை அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே நீங்குகின்றன. மூலப் பிரதி கணினியில் தங்கி, ஒவ்வொரு புதிய கணக்குக்கும் மறுபடி வழங்கப்படுகிறது. புதிய கணக்கில் ஒருமுறை உள்நுழைந்து, அதே பட்டியலை அங்கேயும் துப்புரவாக்கிய பின்னர் கணினியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.